ஃபோகஸுக்கு நின்றவர்

எங்கள் படங்கள் எதிலும் அவர் நடித்ததில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவருடைய பெயர் வராது. போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் என் கணினியில் அவர் நிற்கிற துண்டுகள் முந்நூறுக்கு மேல் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து விநாடி, மிஞ்சினால் அரை நிமிடம். கடற்கரையில் நிற்கிறார், பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறார், யாரோ வீட்டுக் குசினி வாசலில் நிற்கிறார். நடிகர் வருமுன் வெளிச்சமும் ஃபோகஸும் சரிதானா என்று பார்க்க எடுத்தவை. வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டிய சாமான்கள். எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் பயமும்தான்.

அவர் காலமானபோது அவருடைய அக்கா என்னைத் தேடி வந்தார். கண்ணீர் அஞ்சலி நோட்டீசுக்கு ஒரு படம் வேண்டும், வீட்டில் ஒன்றுமே இல்லை, உங்களிடம்தானே கமெரா இருக்கிறது என்றார். முந்நூறு துண்டு இருக்கும்போது ஒரு முகத்துக்கா பஞ்சம் என்று மடிக்கணினியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். முப்பது நாற்பது பார்த்திருப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"முகம் அவன்ரதான். ஆனா இதில ஒண்டிலயும் அவன் இல்லையே, பிள்ளை."

கடைசியில் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து அச்சடித்தார்கள். கலங்கலாகத்தான் வந்தது.

நான் திருகோணமலை நகரத்தில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை செய்கிறவள். படம் எடுப்பது என் தொழில் இல்லை; விசர் என்பது அம்மாவின் கணிப்பு. ரிஸ்வான் கிண்ணியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிறவன். வாப்பாவுக்குச் சீனி வருத்தக் குளிசை வாங்க வந்த இடத்தில், நான் மேசைக்குக் கீழே கைப்பேசியை ஒளித்துவைத்துக் கமெராப் பாடம் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டான். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு கம்பனி. கதையும் இயக்கமும் அவன், கமெராவும் எடிட்டிங்கும் நான், நடிப்பு யார் அகப்படுகிறார்களோ அவர்கள். கல்யாணப் படம் எடுக்கிற ஒருவர் புதிதாக ஒன்று வாங்கியபோது அவருடைய பழைய கமெராவை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதோடு என்னைவிட வயது கூடிய ஒரு லென்ஸ் வந்தது. தானாக ஃபோகஸ் ஆகாது, கையால்தான் திருக வேண்டும். நன்றாகத் திறந்து வைத்தால் பின்னணியெல்லாம் கரைந்து பெரிய சினிமா மாதிரி வரும். ஆனால் ஆள் ஒரு விரற்கடை முன்னுக்குச் சாய்ந்தால் போதும், மூக்கு தெளிவாக இருக்கும், கண் போய்விடும். அதனால் பாமசிப் பிளாஸ்டரால் நிலத்தில் ஓர் அடையாளம் ஒட்டி, அதில் யாரையாவது அசையாமல் நிற்கவைத்து, நாடாவால் அளந்து, லென்ஸைத் திருகிக் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் நடிகர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். வருவதே பிந்தித்தான், வந்தாலும் வெயிலில் அரை மணித்தியாலம் மரம் மாதிரி நிற்கச் சம்மதிக்க மாட்டார்கள். நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது.

உட்துறைமுக வீதியில் கடலோரக் கட்டுச் சுவரடியில் முதற்படம் எடுத்தோம். கதாநாயகன் கச்சேரி என்கிற அரச அலுவலகத்தில் வேலை செய்கிற எழுதுவினைஞர். உயரம், வெள்ளை, தலைமயிரில் அக்கறை உள்ளவர். அவர் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். வீதிக்கு மறுபக்கத்தில் படகு எஞ்சின் சாமான் விற்கிற கடை. அதில் வேலை செய்கிற ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்து எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரிஸ்வான் அவரைக் கூப்பிட்டு, அந்தப் பிளாஸ்டரில் ஒரு நிமிடம் நின்று தர முடியுமா என்று கேட்டான். அவர் வந்தார். நான் கமெராவில் கண்ணை வைத்துக்கொண்டு லென்ஸைத் திருகத் தொடங்கினேன். எழுதுவினைஞர் திரும்பி வந்துவிட்டார் என்று தெரிந்தது. நாடியைக் கொஞ்சம் பதிக்கச் சொன்னேன், பதித்தார். கொலர் மடிந்திருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள் சேர் என்றேன்.

"என்ர பெனியனுக்குக் கொலர் இல்லை, பிள்ளை."

கண்ணை எடுத்துப் பார்த்தேன். கட்டையான, கறுத்த, ஐம்பதை நெருங்கிய ஒரு மனிதர். எண்ணெய்க் கறை படிந்த வட்டக் கழுத்துப் பெனியன். எழுதுவினைஞர் வீதி முனையில் தேத்தண்ணிக் கோப்பையோடு சிரித்துக்கொண்டிருந்தார். லென்ஸில் தூசி என்று ரிஸ்வானிடம் சொன்னேன். அன்றைக்கு மூன்று தரம் துடைத்தேன்.

பிறகு வந்த மூன்று வருடங்களில் எங்கள் எல்லாப் படங்களுக்கும் அவர் நின்றார். நாங்கள் அண்ணை என்று கூப்பிடுவோம். எங்கள் படப்பிடிப்புத் தாளில் 'நிற்பவர்' என்று ஒரு வரி அவருக்காகவே ஏற்பட்டது. போக்குவரத்துச் செலவைத் தவிர எதையும் வாங்க மாட்டார். நடிகர் நிற்பதை ஒரு தடவை பார்ப்பார், அதுவும் உற்றுப் பார்க்க மாட்டார். பிறகு பிளாஸ்டரில் ஏறி நிற்பார். முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. குரலை மாற்ற மாட்டார், நடை பழக மாட்டார். ஒருமுறை தேத்தண்ணிக் கடையில் சில பேர் அரசியல்வாதி மாதிரிச் செய்து காட்டச் சொன்னார்கள். அவர் அவர்களைப் பாவமாகப் பார்த்தார். நிற்கிறது மட்டும்தான் அவருக்கு வரும். எப்படி என்று கேட்டால், அதில் ஒன்றும் இல்லை, ஒராள் எந்தக் காலில் பாரத்தை வைக்குது, எந்தத் தோளைக் காப்பாத்துது, அவ்வளவுதான் என்பார். எந்தத் தோளைக் காப்பாற்றுகிறது என்ற பேச்சு எனக்கு விளங்க நெடுநாள் சென்றது.

அவருடைய கடைக்கு ஒரு தரம் போயிருக்கிறேன். இறக்கக்கண்டியிலிருந்து வந்த மீன்பிடிகாரர் ஒருவர் ஏதோ உதிரிப்பாகத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் அவர் இடுப்பை ஒடித்து நிற்கிறார், அந்தப் பக்கம் அண்ணையும் அதே மாதிரி. வேண்டுமென்று செய்யவில்லை, கேட்டால் அவருக்கே தெரியாது. மீன்பிடிகாரர் இரண்டு வார்த்தைக்குமேல் பேரம் பேசாமல் சாமானை வாங்கிக்கொண்டு போய்விட்டார். இந்த மனிதன் வந்த பிறகு கடையில் வாய்த்தர்க்கமே இல்லை என்று முதலாளிக்குச் சந்தோசம்.

எழுதுவினைஞர் எங்களோடு கோபித்துக்கொண்டு பாதியில் போய்விட்டார். தன்னுடைய முகத்தைக் காட்டாமல் கடலைக் காட்டுகிறோம் என்பது அவருடைய மனக்குறை. மீதிப் படத்தை அண்ணையின் முதுகை வைத்து முடித்தோம். உயரத்துக்கு ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டோம், எழுதுவினைஞரின் சட்டை நிறத்திலேயே ஒரு நீளக்கைச் சட்டை மாட்டினோம். படத்தை ஒரு டியூசன் வகுப்பில் போட்டுக் காட்டியபோது எழுதுவினைஞரும் சண்டையை மறந்து வந்திருந்தார். எல்லாம் முடிந்த பிறகு, சல்லிக் கடற்கரையில் கருவாட்டுப் பரணுக்குப் பக்கத்தில் எடுத்த காட்சிதான் தான் நடித்ததிலேயே திறம் என்றார். அன்றைக்கு நீங்கள் வரவேயில்லை என்று ரிஸ்வான் சொன்னான். அவர் நம்பவில்லை. வந்தேன், கருவாட்டு மணம் சட்டையில் இரண்டு நாள் இருந்தது என்றார். நாங்கள் அவரை வைத்து நெடுநாள் சிரித்தோம். அண்ணை சிரிக்கவில்லை.

எனக்கும் சிரிப்பு நின்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு துண்டைக் கணினியில் ஓடவிட்டு நிறம் திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா உடுப்புக் காயப்போடப் போகிற வழியில் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"இதில நீ ஏன் ஆம்பிளையள்ர சேட்டுப் போட்டிருக்கிறாய்?"

இது நானில்லை, அண்ணை என்றேன். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, ஓம் அவர்தான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். லென்ஸை நான் திருகிக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்குப் பார்க்க வேறு ஆள் இருக்கவில்லை. என்னைப் பார்த்திருக்கிறார். வலது தோள் சற்று இறங்கி, இடது முழங்கை விலாவோடு ஒட்டி, குதிக்கால் நிலத்தில் முழுதாகப் படாமல். சின்ன வயதில் கிணற்றுக்கட்டில் விழுந்த பிறகு நான் அப்படித்தான் நிற்கிறேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அடுத்த நாள் பாமசியில் வேலை செய்யும்போது எப்படி நிற்பது என்றே எனக்குக் குழம்பிவிட்டது.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. பார்க்காத ஆளைப் போல நிற்க மாட்டார். ரிஸ்வான் கடலில் செத்த ஒருவன் திரும்பி வருகிற கதை எழுதியிருந்தான். நடிகருக்குக் காய்ச்சல், வெளிச்சமோ நல்ல வெளிச்சம். அண்ணையின் முதுகை வைத்தே எடுத்துவிடலாம் என்று பார்த்தோம். செத்தவன் எப்படி நிற்பான் என்று தனக்குத் தெரியாது, கண்டதில்லை என்றார். சும்மா கற்பனையில் நில்லுங்கள் என்று ரிஸ்வான் எவ்வளவோ மன்றாடினான்.

"ஏலாது. காணாத ஒண்டைக் கண்ட மாதிரி நான் நிக்கமாட்டன்."

அன்றைய நாள் வீணாகிப் போனது. ரிஸ்வானுக்கு நல்ல கோபம். சமாதானமாக்குவதற்காக நான், சரி விடுங்கள், லென்ஸையாவது சோதித்துப் பார்ப்போம், உங்களைப் போலவே நில்லுங்கள் என்றேன். அவர் பிளாஸ்டரில் ஏறினார். கையைக் கட்டினார், அவிழ்த்தார். காலை மாற்றினார். வியர்த்தது. பிறகு என்னைப் பார்த்து, தன்னைத் தான் கண்டதில்லையே என்று சொல்லிவிட்டு இறங்கினார். பகிடி என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

இடையில் இன்னொன்றும் நடக்கும். நடிகருக்காகக் காத்திருக்கிற வேளைகளில், யாரும் கேட்காமலே, அவர் வேறு யாராகவோ நிற்பார். எனக்குத் தெரிந்த நடிகர் யாரும் இல்லை. ஒருநாள் ஒரு கிழவர் மாதிரி, இன்னொரு நாள் பாரம் தூக்கிப் பழகிய ஒருவன் மாதிரி. எப்போதும் முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு. இது யார் அண்ணை என்று கேட்டால், உங்களுக்குத் தெரியாத ஆள் என்பார். கமெரா ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் பதிந்துவிடும்.

சம்பூரில் எடுத்த படம்தான் கடைசி. வெளிநாடு போன மகன் வருடக்கணக்காகிய பின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான், தாய்க்கு அடையாளம் தெரியவில்லை, இதுதான் கதை. ரிஸ்வான் பிடித்த வீடு அதற்கென்றே கட்டியது போல இருந்தது. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த புது வீடு பின்னுக்கு. முன்னுக்குப் பழைய வீட்டின் முகப்புச் சுவர் மட்டும், கதவு நிலையோடு, கூரையில்லாமல் நின்றது. வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். சண்டையில் இடம்பெயர்ந்து போய்ப் பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்தவர். சுவரை இடித்துக் கல்லை எடுக்கச் சொல்லித் தம்பியார் கரைச்சல் தருகிறார், நான்தான் விடவில்லை என்று வந்தவுடனேயே சொன்னார். இடம்பெயர்ந்த நேரத்தில் மகன் காணாமல் போனவன். தேடி வந்தால் இந்த வாசலைத்தான் அவனுக்குத் தெரியும்.

இதையெல்லாம் அந்த அம்மா எனக்கும் ரிஸ்வானுக்கும் சொன்னபோது அண்ணை வெயிலைத் தெறிக்கவைக்கிற வெள்ளை ரெஜிபோம் பலகைகளை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் அப்படி நடந்திருக்காது.

நடிகன் ரிஸ்வானின் பழைய மாணவன். மூதூர்ப் பக்கம் பஸ் பிந்திவிட்டது. பின்னேரம் ஐந்து மணி வெயில் நிலைக்குள் நேராக விழுகிறது, அரை மணித்தியாலத்தில் போய்விடும். கமெரா முற்றத்தில், வாசலைப் பார்த்து நிற்கிறவனின் முதுகுக்குப் பின்னால். அண்ணையைப் போய் நிற்கச் சொன்னோம். இந்தப் பொடியனைத் தான் கண்டதில்லை என்றார். ரிஸ்வானுக்கு அவசரம்.

"அவன் வேணாம் அண்ணன். உங்களுக்குத் தெரிஞ்ச யாரையாவது போல நில்லுங்களன். சம்பூர்ப் பொடியன் ஒருத்தன், அவ்வளவுதான்."

இந்த ஒரு சொல்தான் நாங்கள் விட்ட பிழை. அண்ணை கையிலிருந்த பலகையைக் கீழே வைத்தார். சம்பூர்ப் பொடியன் ஒருத்தன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போனார். வலது பாதத்தைத் தூக்கி இடது பாதத்தின் மேல் வைத்தார். ஒரு கையால் மற்ற முழங்கையை முதுகுக்குப் பின்னால் பிடித்தார். தலை இடப்பக்கம் விழுந்தது. எனக்கு அந்த ஆளைத் தெரியாது, ஆனால் இருபது வயது தாண்டாதவன் என்று தெரிந்தது. வெயில் அவர் தோளில் நின்றது. நான் லென்ஸைத் திருகினேன்.

கிணற்றடியிலிருந்து அம்மா வாளியோடு வந்தார். நின்றார். வாளியை மெதுவாக நிலத்தில் வைத்தார். அவர் குளறவில்லை, ஓடவில்லை. எத்தனையோ தரம் சொல்லிச் சலித்த ஒன்றைச் சொல்கிற குரலில் சொன்னார்:

"காலை மாத்தி நில்லடா. விறைச்சுப்போகும்."

வாசலில் நின்றவர் காலை மாற்றினார்.

என் கை லென்ஸிலேயே இருந்தது. பிறகு அண்ணை திரும்பினார். நரைத்த தாடியும் நடுத்தர வயது முகமும் அம்மாவுக்குத் தெரிந்தன. மன்னியுங்கோ தம்பி, கண் சரியாகத் தெரியிறதில்லை என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாணவன் வந்தான், நாங்கள் எடுக்க வேண்டியதை எடுத்தோம். ஒரு காட்சியும் சரிவரவில்லை. போகும்போது படலையடியில் அம்மா அண்ணையை மறித்தார். அவனை எங்கே கண்டனீங்கள் என்று கேட்டார். ஆரை அம்மா என்றார் அண்ணை. அம்மா அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கமெராப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

ஒரு கிழமை கழித்து அந்த அம்மாவிடமிருந்து ரிஸ்வானுக்குச் செய்தி வந்தது. அந்த மனிதரை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாருங்கள், கமெராவையும் கொண்டு வாருங்கள். மகன் இருக்கிறான் என்றால் சுவர் நிற்கட்டும். இல்லையென்றால் அதைச் சொல்லிவிடுங்கள், காத்திருந்து எனக்குக் களைத்துவிட்டது. ரிஸ்வானுக்குப் பள்ளிக்கூடம். நானும் அண்ணையும் பஸ் ஏறினோம்.

பஸ் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டியது. அண்ணை யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். அந்தக் காலத்தில் அவரையும் கொண்டுபோயிருந்தார்கள். யார், எங்கே என்று கேட்க வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. கடற்சத்தம் கேட்கிற ஒரு பெரிய களஞ்சியம். சுவரைப் பார்த்து வரிசையாக நிற்கவைத்தார்கள். பக்கத்தில் திரும்பக் கூடாது, கதைக்கக் கூடாது. அவருக்கு முன் வரிசையில் ஒன்பது முதுகுகள். முகம் ஒன்றையும் அவர் காணவில்லை. பகலும் இரவும் அந்த முதுகுகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யார் எந்தக் காலில் பாரத்தை வைக்கிறார்கள், அடி விழுந்த எந்தத் தோளைக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்ததால்தான் தனக்கு விசர் பிடிக்கவில்லை என்றார். நேர் முன்னால் நின்றவன் ஒரு பொடியன். ஒரே ஒரு தரம், மூச்சு விடுகிற அளவுக்கு, சம்பூர் என்று சொன்னவன்.

"நிண்டால் விட்டுவைப்பினம், பிள்ளை. நிலத்தில இருந்தால் இழுத்துக்கொண்டு போவினம். போன ஆக்கள் ஆரும் திரும்பி வந்ததில்லை. மூண்டு நாள் ஒரு சோத்துப் பருக்கை தரேல்லை. மூண்டாம் நாள் அவன் இருந்திட்டான்."

ஒன்பது பேரில் எட்டுப் பேரை என் கணினியில் நான் வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கிழவரும், பாரம் தூக்கிப் பழகியவரும், மற்றவர்களும், சுவரைப் பார்த்தபடி, கோப்புக்கு இலக்கம் போட்டு. ஒன்பதாமவனைப் போன கிழமை வாசலில் எடுத்திருந்தேன். பக்கத்தில் இருக்கிற மனிதரைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. இரக்கமும் இருந்தது, ஆனால் பயம்தான் முன்னுக்கு வந்தது. இதில் பொய் சொல்ல நான் விரும்பவில்லை. அந்த அம்மாவிடம் இதைச் சொல்லிவிடவோ என்று அவர் கேட்டார். கண்டதை மட்டும் சொல்லுங்கள் என்றேன், ஏதோ பெரிய மனுசி மாதிரி.

அம்மா குளித்து வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். முற்றத்தில் ஒரு கதிரை போட்டு வைத்திருந்தார். எதையும் கேட்கவில்லை, முதலில் நிற்கட்டும் என்றார். நான் கமெராவைப் பழைய இடத்தில் பூட்டினேன். அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்குப் போனார். பாதத்தின் மேல் பாதத்தை வைத்தார். அம்மா கதிரையில் இருந்து அந்த முதுகைப் பார்த்தார். பிறகு அதோடு கதைக்கத் தொடங்கினார். சிவப்பி மாடு செத்துப் போச்சு. றோட்டுக்குத் தார் போட்டுவிட்டார்கள். உன் கூட்டாளிக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தது உன்னைப் போலவே குழப்படி. மாமாவோடு கதைக்கிறதில்லை, சுவரை இடிக்கச் சொல்லுகிறார். இப்படிக் கால் மணித்தியாலம். நடுவில் ஒரு தரம் காலை மாற்றச் சொன்னார், அவர் மாற்றினார். நான் அழுதுகொண்டுதான் ஃபோகஸ் பார்த்தேன்.

பிறகு அம்மா சொன்னார்:

"நிண்டது காணும். இரு மகன்."

அண்ணை அசையவில்லை. கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டியிருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கமெராவுக்குள் பார்த்துக்கொண்டேன்.

அவர் இருந்தார். நாங்கள் இருக்கிற மாதிரி முழங்காலை மடித்து இருக்கவில்லை. முதலில் தலை நிலையில் சாய்ந்தது. முதுகு மரத்தோடு உரசிக்கொண்டு இறங்கியது. ஒரு கால் உடம்புக்குக் கீழே அகப்பட்டது, அதை எடுக்க அவர் முயலவில்லை. நாடி நெஞ்சில் விழுந்தது. முழங்கையைப் பிடித்திருந்த கை கழன்று, உள்ளங்கை மேலே பார்க்க, மண்ணில் விரிந்து கிடந்தது. அப்படியே இருந்தார். மூச்சு விடுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மா எழுந்து போனார். அவருக்குப் பக்கத்தில் குந்தினார். விரிந்து கிடந்த கையைத் தொடாமல் கனநேரம் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் சொல்லவில்லை, சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்கவும் இல்லை. சரி என்றார். நாளைக்குத் தம்பியைக் கூப்பிட்டுச் சுவரை இடிப்பிக்கிறேன் என்றார். அந்தியேட்டிக் கிரியைக்கு நாள் பார்க்க வேண்டும் என்றார். குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. எழும்பப் போனவர் மறுபடியும் குந்தினார்.

"தம்பி, அண்டைக்கு அவன் சாப்பிட்டவனோ?"

அண்ணை நாடியை உயர்த்தினார். அகப்பட்ட காலை இழுத்து எடுத்து, சம்மணம் கட்டி, நேராக இருந்தார். அந்த இருப்பு யாருடையதும் இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"ஓம் அம்மா. சோறும் பருப்பும் தந்தவை. வடிவாச் சாப்பிட்டவன். நான்தான் தண்ணி குடுத்தனான்."

காணாத ஒன்றைக் கண்டதாக அவர் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நான் கமெராவை நிறுத்தினேன். அம்மா மெல்லத் தலையாட்டினார்.

"பருப்பெண்டால் சாப்பிடுவான்," என்றார்.